தண்ணீரில் அளந்த சாயம்

மலாக்கா பாடாங் மைதானத்தில் மெர்டேக்கா தேதியை, நாடு சுதந்திரம் பெறப்போகும் நாளை, அறிவித்த அன்றைக்கு ஊரே அங்கேதான் திரண்டிருந்தது. காஜா பெராங் பகுதியில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் கமலவேணி மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன். நாளைக்கு ஸ்கூல்ல புள்ளைங்க கேக்கும், டீச்சர் நீங்க போகலியான்னு" என்றாள் அவள் தாயார் சாரதாம்பாள்.

"இந்த வரியை முடிச்சிட்டுப் போறேம்மா."

வரி முடிந்தபோது கூட்டம் கலைந்துவிட்டது. ஆட்கள் சைக்கிளில் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்கு ஒரு குறையாகவே படவில்லை. அவள் மனசெல்லாம் எண்களில் இருந்த காலம் அது.

சிங்கப்பூரில் ரசாயனம் படித்து முதல் வகுப்பில் தேறியவள் கமலவேணி. மேலே ஆராய்ச்சி செய்ய அவளுடைய பேராசிரியர் இடமும் ஒதுக்கி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து, துறைமுக ஆபிஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அவள் அப்பா மருதமுத்து வாதத்தில் விழுந்தார். வலது கையும் காலும் போயின. வீட்டில் வேறு சம்பாதிக்க ஆளில்லை. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலாக்காவுக்கு வந்து ஒரு பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சராகச் சேர்ந்தாள்.

கிளம்பும்போது பேராசிரியர் ஒரு கட்டு ஆராய்ச்சித் தாள்களை அவள் கையில் கொடுத்தார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அப்போதுதான் வெளியாகியிருந்தவை. "உனக்கு இனிமேல் ஆய்வுக்கூடம் கிடையாது. ஆனால் இந்த வேலைக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. காகிதம் போதும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்தத் தாள்கள் பேசிய விஷயம் இதுதான். ஒரு சாயம் ஏன் சிவப்பாக இருக்கிறது, இன்னொன்று ஏன் நீலமாக இருக்கிறது? சாயத்தின் மூலக்கூறில் எலெக்ட்ரான்கள் தட்டுத் தட்டாக அமர்ந்திருக்கின்றன. வெளிச்சம் பட்டால் கீழ்த்தட்டில் இருக்கும் ஒன்று மேல்தட்டுக்குத் தாவும். தாவும் உயரத்துக்குத் தக்க வெளிச்சத்தை மூலக்கூறு விழுங்கிக்கொள்ளும். விழுங்காமல் விட்டது நம் கண்ணுக்கு நிறமாகத் தெரியும். சொல்லும்போது எளிதாக இருக்கும். ஆனால் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பவை. ஒன்று தாவினால் மற்றதெல்லாம் அசையும். நடக்கக்கூடிய எல்லாத் தாவல்களையும் ஒன்றோடொன்று கலந்து கணக்குப் போட்டால்தான் சரியான விடை வரும். ஒரு பெரிய சாயத்துக்கு அதை முழுசாகப் போட வெளிநாட்டில் இருந்த மின்சாரக் கணக்கு இயந்திரங்களே திணறின. கையால் போட உட்கார்ந்தால் ஆயுசு போய்விடும்.

கமலவேணி அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டாள். மூலக்கூறின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் கணக்கை வேட்டி மடிக்கிற மாதிரி பாதியாக மடித்துவிடலாம். மிச்சம் இருக்கும் தாவல்களில் நிறத்தைத் தீர்மானிப்பவை நாலைந்துதான். அவற்றை மட்டும் ஒழுங்காகக் கலந்துவிட்டு, மற்றவை எல்லாவற்றின் விளைவையும் சேர்த்து ஒரே கூட்டலில் அடக்கிவிடலாம். எது முக்கியம், எது வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள அவள் ஒரு விதி வைத்திருந்தாள். அந்த விதிதான் அவளுடைய சொந்தச் சொத்து. வருடக்கணக்கில் இழுக்கும் வேலை அதனால் ஒரு வாரத்துச் சாயங்காலங்களில் முடிந்தது.

கூட்டிப் பெருக்க ஒரு கணக்கு மெஷினும் இருந்தது. சர்வே ஆபிஸில் வேலை பார்த்த மாமா கணேசமூர்த்தி, அங்கே கழித்துப்போட்ட ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து கொடுத்திருந்தார். கைப்பிடியைச் சுற்றினால் எண்கள் உருளும். ஒரு கட்டத்தில் மட்டும் ஒன்பதைத் தாண்டினால் பக்கத்துக் கட்டத்துக்கு ஒன்றைத் தள்ள மறந்துவிடும். அதனால் அவள் ஒவ்வொரு கணக்கையும் இரண்டு தடவை போடுவாள்.

வீட்டுக்காரி மீனாச்சி பக்கத்திலேயே இருந்தாள். மலாக்காச் செட்டிகள் குடும்பம். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். வாடகை வாங்க வரும்போதெல்லாம் முன்னறையில் மெஷின் கரகரப்பதைக் கேட்டு, "கிரா லாகி?" என்பாள். இன்னும் கணக்கா என்று அர்த்தம். கமலவேணி சிரிப்பாள்.

ஏறக்குறைய ஒரு டஜன் சாயங்களுக்கு அவள் அப்படிப் போட்டுப் பார்த்தாள். போருக்கு முன் ஜெர்மனியில் அளந்து அச்சிட்ட அட்டவணை ஒன்று அவளிடம் இருந்தது. அவள் கணக்கில் வந்த அலைநீளமும் அட்டவணையில் இருந்த அலைநீளமும் சாயத்துக்குச் சாயம் ஒட்டிக்கொண்டு வந்தன. சந்தோஷத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு சாயம்தான் அடம் பிடித்தது. அட்டவணை அதற்கு 548 என்றது. அவள் கணக்கு 605 என்றது.

திரும்பப் போட்டாள். 605. மெஷினை நம்பாமல், லாகரிதம் புத்தகத்தை வைத்துக்கொண்டு பென்சிலால் போட்டாள். 605தான்.

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூருக்குப் போனபோது தன் கணக்கையும் அட்டவணையையும் பொன்னுதுரையிடம் காட்டினாள். பொன்னுதுரை அவளோடு படித்தவன்; சிரம்பானில் இருந்த இலங்கைத் தமிழ்க் குடும்பம். படிப்பு முடிந்து சிங்கப்பூரிலேயே ஆராய்ச்சி மாணவனாகத் தங்கிவிட்டான். ஒளியை அளக்கும் கருவி ரசாயனத் துறைக்குப் புதிதாக வந்திருந்தது. அதை அவன்தான் பார்த்துக்கொண்டான். மெதுவாகப் பேசுபவன். எதையும் ஒரு முறைக்கு மூன்று முறை அளப்பான் என்று வகுப்பில் கேலி செய்வார்கள்.

"எல்லாம் வடிவா வந்திருக்கு" என்றான் அவன். "இது மட்டும் ஏன் விலகி நிக்குது?"

"அதான் தெரியல. கையாலயும் போட்டுப் பாத்துட்டேன்."

"அப்ப அளந்ததில பிழை இருக்கலாம்."

"ஜெர்மன்காரன் லா. அவன் அளந்தது தப்பா இருக்குமா?"

"எதில கரைச்சு அளந்தவை?"

அவள் அட்டவணையின் அடிக்குறிப்பைக் காட்டினாள். மற்றதெல்லாம் ஆல்கஹாலில். இந்த ஒன்று மட்டும் தண்ணீரில். அந்தக் குறிப்பை அவள் முன்பே படித்திருந்தாள். படித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தாள்.

பொன்னுதுரை அதை உற்றுப் பார்த்தான். "தண்ணியில சில சாயங்கள் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொள்ளும், மிஸ். சோடி சோடியா நிக்கும். அப்ப விழுங்கிற ஒளி மாறிப்போகும். நான் இதைச் செய்து, ஆல்கஹோல்ல கரைச்சு அளந்து பாக்கிறன். இதுக்கு வேண்டிய சரக்கு ஒண்டு ஜெர்மனியில இருந்து வரவேணும். கப்பல்ல ரெண்டு மூண்டு மாசம் எடுக்கும். பொறுங்கோ."

பொறுக்கிறேன் என்றுதான் கமலவேணி சொன்னாள். சொன்னபோது அப்படித்தான் நினைத்தாள்.

மறுநாள் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் இங்கிலாந்துக்குத் திரும்பும் ஏற்பாட்டில் இருந்தார். அவளுடைய தாள்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது. அங்கே போய் ஆராய்ச்சி செய்ய ஓர் உபகாரச் சம்பளம் வரப்போகிறது, நேர்காணலுக்கு முன்னால் ஒரு கட்டுரை அச்சில் இருந்தால் அவளுக்கே கிடைக்கும், நானும் சிபாரிசு எழுதுகிறேன் என்றார். பிறகு அந்த ஒற்றைச் சாயத்தின் மேல் விரலை வைத்தார்.

"ஒரு புள்ளி விலகி நின்றால் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். உன் கணக்கில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. என்னவென்று யோசி."

அவ்வளவுதான் அவர் சொன்னது. எண்ணை மாற்று என்று சொல்லவில்லை. பின்னாளில் கமலவேணி எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். பழியை அவர் மேல் போட ஒரு வழியும் இருக்கவில்லை.

மலாக்காவுக்கு வந்து யோசித்தாள். யோசித்தால் காரணம் கிடைக்காமலா போகும்? அந்தச் சாயத்தில் நடுச் சங்கிலி நீளம். நீளம் அதிகமானால் எலெக்ட்ரான்களின் தள்ளுமுள்ளு வேறு மாதிரி இருக்கலாம் அல்லவா? அதற்கு ஒரு திருத்தத்தை எழுதிச் சேர்த்தாள். திருத்தத்தின் அளவை எவ்வளவு வைத்தால் 548க்குப் பக்கத்தில் வருமோ அவ்வளவு வைத்தாள். 551 வந்தது. மற்றச் சாயங்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இடம் பெயர்ந்தன, ஆனால் மோசமில்லை. முதலில் பார்த்தபோது அந்தத் திருத்தம் புதுச் சட்டையில் போட்ட ஒட்டு மாதிரிதான் இருந்தது. பத்து நாள் பார்த்துப் பழகியதும் சட்டையோடு சேர்ந்ததாகவே தெரிந்தது. அதற்கு ஆதரவாக இரண்டு பக்கம் வாதமும் எழுதினாள். எழுதி முடித்தபோது அவளே அதை நம்பிவிட்டாள்.

மெர்டேக்காவுக்குச் சில நாள் முன்னால், ஒரு கல்யாணத்துக்காக மலாக்காவுக்கு வந்த பொன்னுதுரை அவள் வீட்டுக்கும் வந்தான். அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கமலவேணி கட்டுரையை அவனிடம் நீட்டினாள். முதல் பக்கத்தில் தன் பெயரோடு அவன் பெயரையும் போட்டிருந்தாள்.

அவன் நிதானமாகப் படித்தான். திருத்தம் வரும் பக்கத்தில் நின்றுவிட்டான்.

"இது எங்க இருந்து வந்தது?"

"சங்கிலி நீளத்தால வர்றது. காரணம் எழுதியிருக்கேன், படிங்க."

"படிச்சன். மிஸ், இந்தத் திருத்தம் இல்லாம கணக்கு நல்லா இருந்தது. நேர்மையா இருந்தது. சரக்கு கப்பல்ல ஏறிட்டுது எண்டு கடிதம் வந்திருக்கு. கொஞ்சம் பொறுத்தா அளந்தே பாத்திடலாம். ஏன் இந்த அவசரம்?"

"புரொபசர் அடுத்த மாசம் கப்பல் ஏறுறாரு. நேர்காணலுக்கு முந்தி இது அச்சுல வரணும். உங்களுக்கு அங்கேயே இடம் இருக்கு, பொறுக்கலாம். எனக்கு இது ஒண்ணுதான் வழி."

"வழி வேற, கணக்கு வேற இல்லையா?"

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. சுட்டதற்குக் காரணம் அது சரியாக இருந்ததுதான். "அளக்கிறவங்களுக்கு அளக்கத்தான் தெரியும்" என்றாள். "இந்தக் கணக்குல ஒரு வரியாவது உங்களால போட முடியுமா? முடியாதில்ல? அப்பறம் எது நேர்மை, எது இல்லன்னு எப்படிச் சொல்றீங்க?"

"கமலா!" என்றார் அப்பா. வாய் கோணலாக இருந்ததால் அந்தச் சொல் பாதிதான் வந்தது.

பொன்னுதுரை கோபப்படவில்லை. தாள்களை ஒழுங்காக அடுக்கி மேசைமேல் வைத்தான். "ஓம், எனக்குப் போடத் தெரியாது. அதாலதான் சொல்லுறன், என்ர பேர் இதில வேண்டாம்" என்றான். தேத்தண்ணியை முழுசாகக் குடித்து, அம்மாவிடம் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அவன் பெயரை அடித்துவிட்டுக் கட்டுரையை ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினாள். அடுத்த வருடம் அது அச்சில் வந்தது. சர்வே ஆபிஸ் மாமா அதை ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்கே கொண்டுபோய், பார்த்தவர்களிடமெல்லாம் மருமகளின் பெயரைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நேர்காணலுக்கும் அழைப்பு வந்தது. கோலாலம்பூருக்குக் கட்டிக்கொண்டு போக அம்மா ஒரு புதுச் சேலை எடுத்தாள்.

நேர்காணலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னுதுரை வந்து நின்றான். சிங்கப்பூர் பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய இரண்டு கண்ணாடிக் குப்பிகளை எடுத்துச் சன்னலோரம் வெளிச்சத்தில் வைத்தான். ஒன்றில் ஊதா. ஒன்றில் நல்ல நீலம்.

"ரெண்டும் ஒரே சாயம்" என்றான். "இது தண்ணியில. இது ஆல்கஹோல்ல."

கமலவேணி இரண்டு குப்பிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவன் மூன்றாவதாக ஒரு சின்னப் புட்டியை எடுத்தான். அதிலிருந்த ஆல்கஹாலை ஊதாக் குப்பியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி ஆட்டினான். ஊதா நிறம் வெளிறியது. ஓரத்திலிருந்து நீலம் கிளம்பி முழுசாகப் பரவியது. இப்போது இரண்டு குப்பிகளும் ஒரே நீலமாக நின்றன.

"தண்ணியில சோடி சோடியா ஒட்டி நிண்டது. ஆல்கஹோல் உள்ள போனதும் பிரிஞ்சிட்டுது. தனிச்சாயத்தை மூண்டு தரம் அளந்தன். அறுநூற்று மூண்டு."

அவள் கணக்கு அறுநூற்று ஐந்து. இரண்டே இரண்டுதான் வித்தியாசம். அட்டவணையில் இருந்த எந்தச் சாயத்துக்கும் அவள் கணக்கு இவ்வளவு நெருங்கி வரவில்லை.

தப்பு செய்து பிடிபட்டிருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது. அவள் சரியாகச் செய்திருந்தாள். மெஷினையும் பென்சிலையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு எத்தனை முறை கேட்டும், கணக்கு அவளிடம் உண்மையைத்தான் சொன்னது. அவள்தான் அதை நம்பாமல், தன் கையாலேயே கெடுத்து, கெடுத்ததை அச்சிலும் ஏற்றினாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்னக் குறிப்பு எழுதுவம்" என்றான் பொன்னுதுரை. "திருத்தம் தேவையில்ல, முதல் கணக்குத்தான் சரி, இதோ புது அளவு எண்டு. ஒரு பக்கம் போதும். அதில ஒரு வெக்கமும் இல்ல. உங்கட முறை இன்னும் உறுதியாத்தான் நிக்கும்."

கமலவேணி சன்னல் பக்கம் பார்த்தாள். "எழுதலாம். கட்டாயம் எழுதலாம்" என்றாள். "ஆனா நேர்காணல் முடியட்டும். அவங்க கையில என் கட்டுரை இருக்கு. இப்ப போயி அது தப்புன்னு நானே எழுதினா..." ஒரு குப்பியை எடுத்துத் திரும்பவும் வைத்தாள். "அதுவரைக்கும் இதை நீங்களும் வெளியிட வேணாம். எனக்காக."

அவன் யோசித்தான். வெளியே மீனாச்சி யாரையோ மலாயில் திட்டுவது கேட்டது. கடைசியில், "சரி. நீங்கள் சொல்லுற வரைக்கும் வெளியிட மாட்டன்" என்றான்.

குப்பிகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

அவளுக்கு அன்று தெரியாத ஒன்று இருந்தது. பேராசிரியர் போனபின் வந்த புதியவர், ஆராய்ச்சி மாணவர்கள் வருட முடிவுக்குள் ஒரு கட்டுரையாவது காட்ட வேண்டும், இல்லையென்றால் இடம் நீடிக்காது என்று சொல்லிவிட்டிருந்தார். பொன்னுதுரையிடம் காட்ட இருந்தது அந்தச் சாயத்தின் அளவுதான். ஒட்டுவது, பிரிவது எல்லாவற்றையும் வெப்பத்தை மாற்றியும் அடர்த்தியை மாற்றியும் அழகாக அளந்து வைத்திருந்தான். அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

கோலாலம்பூர் நேர்காணலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நன்றாகத்தான் பதில் சொன்னாள். ஒருவர், "உங்கள் திருத்தம் மிகவும் புத்திசாலித்தனமானது" என்று பாராட்டினார். அவள் "நன்றி" என்றாள். உபகாரச் சம்பளம் அவளுக்குக் கிடைக்கவில்லை. யாரோ ஓர் எஞ்சினியருக்குப் போயிற்று. காரணம் சொல்லவில்லை.

அப்போதாவது பொன்னுதுரைக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். இனி வெளியிடுங்கள் என்று ஒரே வரி. எழுத உட்காருவாள். தோற்றுப்போய் வந்த வெட்கமும், அவனிடம் போய் நிற்கும் வெட்கமும் சேர்ந்துகொள்ளும். அடுத்த வாரம் எழுதலாம் என்று எழுந்துவிடுவாள். அந்தச் சமயத்தில் அப்பாவுக்கு இரண்டாவது தடவையாக வாதம் வந்தது. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமுமாக அலைந்தாள். அப்பா இறந்தார். காரியம் நடந்தது. அடுத்த வாரம் என்பது எப்படியோ ஒரு வருடம் ஆகிவிட்டது.

பிறகு அது தானாகவே முடிந்துபோனது. அமெரிக்காவில் மூன்று பேர் சேர்ந்து, மின்சாரக் கணக்கு இயந்திரத்தை வைத்து, கிட்டத்தட்ட அவள் கண்ட அதே குறுக்கு வழியை வெளியிட்டார்கள். அதே சாயத்தை ஆல்கஹாலில் அளந்தும் காட்டினார்கள். கட்டுரையில் ஒரு வாக்கியம் அவளைப் பற்றியது: முன்பு மலாயாவிலிருந்து ஒருவர் முன்மொழிந்த திருத்தம் தேவையற்றது. பழைய சிநேகிதி விஜயா சிங்கப்பூரிலிருந்து அதை அனுப்பியிருந்தாள். கூடவே எழுதியிருந்தாள்: "பொன்னுதுரை பாவம், கையில் எல்லாம் வைத்துக்கொண்டு ஏன் வெளியிடாமல் இருந்தார் என்று எங்களுக்குப் புரியவே இல்லை. போன வருடமே இடம் போய்விட்டது. சிரம்பானுக்குத் திரும்பிவிட்டார்."

கமலவேணி அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினாள். பொன்னுதுரையின் அளவு இத்தனை மாதம் முன்பே எடுக்கப்பட்டது, தன் வேண்டுகோளால்தான் அது வெளிவரவில்லை என்று பத்திரிகைக்கு விவரமாக எழுதி அனுப்பினாள். ஆசிரியர் மரியாதையாகப் பதில் போட்டார்: இந்த விஷயம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால் வெளியிட இடமில்லை.

தம்பின் ஊர் வழியாகச் சிரம்பானுக்குப் போகும் பஸ்ஸில் அவள் ஏறியது அதற்கும் ஒரு வருடம் கழித்துத்தான். பொன்னுதுரை ரப்பர் பால் பதனிடும் ஒரு தொழிற்சாலையில் சோதனைக்கூடப் பொறுப்பாளனாக இருந்தான். கல்யாணம் ஆகியிருந்தது. தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே வீடு; மனைவி வாசலுக்கு வந்து, "இவர் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், உள்ள வாங்கோ" என்று கூட்டிப்போனாள். வேறு என்ன சொல்லியிருந்தான் என்று அந்த முகத்திலிருந்து தெரியவில்லை.

அவன் கொஞ்சம் பருத்திருந்தான். அவளைப் பார்த்ததும் உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அம்மாவைப் பற்றியும் பள்ளியைப் பற்றியும் கேட்டான்.

"வேலை எப்படி இருக்கு?" என்றாள் அவள்.

"பாலில எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணி எண்டு பாக்கிறதுதான். முந்தி நிறம் நிறமாப் பாத்தனான், இப்ப எல்லாம் வெள்ளை" என்று சொல்லிச் சிரித்தான்.

அவளால் சிரிக்க முடியவில்லை. "அன்னைக்கு உங்க இடம் போகப் போகுதுன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

மனைவி உள்ளே பலகாரம் எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்தினான். "சொன்னா நீங்கள் உடன வெளியிடச் சொல்லியிருப்பீங்கள். உங்கட நேர்காணல் கெட்டிருக்கும். பிறகு நான் என்னெண்டு நிம்மதியா இருக்கிறது?"

"நேர்காணல் எப்படியும் கெட்டுச்சு."

"அது அப்ப தெரியாதே."

மனைவி பலகாரத் தட்டை வைத்துவிட்டுப் போனாள். பிறகு அவனே பேசினான். "ஒண்டு மட்டும் கேட்பன். அமெரிக்காக்காரர் அறுநூற்று நாலு எண்டு அளந்திருக்கினம். நான் மூண்டு. உங்கட கணக்கு ஐந்து. அவையின்ர எண் சரியா எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில நிக்குது, கவனிச்சீங்களா?"

அவள் கவனித்திருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

"வடிவான வேலை அது" என்றான் அவன். யாரோ வேறு இருவர் செய்த வேலையைப் பாராட்டுவதுபோல் இருந்தது.

பஸ் நிலையம் வரை கூட நடந்து வந்தான். மழை வரும்போல் இருந்தது. மலாக்காவில் மெர்டேக்காவுக்குப் பிறகு என்னென்ன மாறியிருக்கிறது, கிளேபாங் பக்கம் வீடுகள் வந்துவிட்டதாமே என்று கேட்டுக்கொண்டே வந்தான். அவள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற சொல்லைத் தம்பினிலிருந்தே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அவன் கேட்ட கேள்விகளுக்கு நடுவில் அதை வைக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. அவன் வேண்டுமென்றேதான் இடம் விடாமல் பேசினானோ என்று அவளுக்குத் தோன்றியபோது பஸ் வந்துவிட்டது.

ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் கீழே நின்று, "போய் ஒரு கடிதம் போடுங்கோ" என்றான்.

"போடுறேன்" என்றாள் கமலவேணி. பஸ் நகர்ந்தது. அவன் கை காட்டிவிட்டு, மழை விழத் தொடங்கியதும் தொழிற்சாலைப் பக்கமாக வேகமாக நடந்தான்.